கொட்டும் மழையில் தனியாக மலையேறி மேலே தங்குவது: மும்பைத் தமிழர்களின் கேள்விகளும் பதில்களும்

ஜூன் பாதியில் மழை பிடித்துவிட்டால் மும்பையிலிருந்து கர்ஜத், கசாரா போகும் லோக்கல் ரயில்களில் முதுகுப்பையோடு ஏறுபவர்கள் கூடிவிடுவார்கள். தாராவி, மாட்டுங்கா, செம்பூர், டோம்பிவிலி என்று நம் ஆட்கள் இருக்கும் இடங்களிலிருந்தும் நிறையப் பேர் கிளம்புகிறார்கள். அதில் சிலருக்குக் கூட்டம் வேண்டாம், தனியாகப் போய் ஒரு ராத்திரி மேலே தங்க வேண்டும் என்று ஆசை. அந்த ஆசை எனக்கு நன்றாகவே புரியும், நானும் தனியாகப் போகிறவன்தான். கிளம்பும் முன் கேட்க வேண்டிய கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

பலத்த மழையில் தனியாகப் போகலாமா, கூடாதா? நேராகச் சொல்லுங்கள்.

வானிலை ஆய்வு மையத்தின் ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை இருந்தால் போக வேண்டாம். அதைவிடக் குறைந்த மஞ்சளாக இருந்து, அந்தப் பாதையை மழையில்லாத காலத்தில் நீங்கள் ஏற்கெனவே நடந்திருந்து, மேலே ஆட்கள் குடியிருக்கும் ஊரும் இருந்தால் போகலாம். கடைசி இரண்டில் ஒன்று குறைந்தாலும் துணையோடு போங்கள்.

குழுவாகப் போகும்போது யாராவது ஒருவர் "போதும், திரும்பிடலாம்" என்று வாய் திறப்பார். தனியாகப் போகிறவருக்கு அந்த ஆள் கிடையாது. நனைந்து, பசித்து, இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று நினைக்கிற நேரத்தில் மனசு நியாயமாக யோசிக்காது. ஆகவே எங்கே, எந்த நிலைமையில் திரும்புவது என்பதை முந்தின நாள் வீட்டில் உட்கார்ந்து, காய்ந்த சட்டையோடு, தாளில் எழுதி வைத்துவிடுங்கள். மலையில் போய் அதை மாற்றக் கூடாது.

மலைமேல் தங்கும் குடில் மாதிரி இங்கே ஏதாவது இருக்கிறதா?

ஆல்ப்ஸ் மலையில் இருப்பது போல, மலையேறுபவர்களுக்கென்றே கட்டி வைத்த குடில்கள் சஹ்யாத்ரியில், அதாவது மகாராஷ்டிரப் பக்கத்து மேற்குத் தொடர்ச்சி மலையில், வழக்கமில்லை. இங்கே ராத்தங்கல் இரண்டு வகை. ஒன்று, ஹரிச்சந்திரகட், ரதன்கட் கோட்டைகளில் இருப்பது போன்ற குகைகள். இன்னொன்று, மலைமேல், இடைமேட்டில் அல்லது அடிவாரத்தில் இருக்கும் சின்ன ஊர்களில் வீட்டோடு தங்குவது. ராஜ்மாச்சி கோட்டைக்குக் கீழே உதேவாடி, பிரபல்கட் இடைமேட்டில் பிரபல்மாச்சி, ஹரிச்சந்திரகட் அடிவாரத்தில் பாச்னை ஆகியவை அப்படிப்பட்ட ஊர்கள். முன்கூட்டிப் போன் செய்தால் பாக்ரி ரொட்டியும் பிட்லா என்ற கடலைமாவுக் குழம்பும் சுடச்சுடக் கிடைக்கும், படுக்க உலர்ந்த இடம் இருக்கும்.

கடும் மழையில், தனியாகப் போகிறவருக்கு என் பதில் ஒன்றுதான்: குகை வேண்டாம், வீடு. குகையில் கூரை ஒழுகும், தரை ஊறும், விறகு எரியாது. உங்களுக்கு நடுக்கம் கண்டால் பார்க்க ஆள் இல்லை. வீட்டில் ஒரு அக்காவோ தாத்தாவோ உங்கள் முகத்தைப் பார்த்தே டீ போட்டுக் கொடுப்பார். காலையில் எந்த ஓடையைத் தாண்டலாம், எதைத் தாண்டக் கூடாது என்பதும் அவர்களுக்குத் தெரியும். அதை எந்த ஆப்பும் சொல்லாது.

முதல் தடவைக்கு எந்த இடம் சரி?

ராஜ்மாச்சி. ஆனால் லோணாவளா பக்கமிருந்து. சுமார் 15 கி.மீ. தூரம் என்றாலும் பெரும்பாலும் அகலமான மண் ரோடு, ஏற்ற இறக்கம் குறைவு, வழி தவறுவது கஷ்டம். கர்ஜத் பக்கம் கொண்டிவடேயிலிருந்து கொண்டாணே குகை வழியாகப் போவது தூரம் குறைவுதான், ஆனால் செங்குத்தான காட்டு ஏற்றம். மழையில் அந்தப் பாதையே ஓடையாகிவிடும். தனியாக வேண்டாம்.

பீமாசங்கர் போவதானால் காண்டஸ் ஊரிலிருந்து கணேஷ் காட் பாதை (காட் என்றால் மராத்தியில் மலைவழி). ஷிடி காட் பக்கம் இரும்பு ஏணிகளும் வழுக்குப் பாறைகளும் இருக்கின்றன, மழையில் அந்தப் பக்கமே திரும்ப வேண்டாம். பீமாசங்கருக்கு ஒரு நல்ல அம்சம் உண்டு. மேலே கோயில் ஊர் இருக்கிறது, பஸ் வரும். இறங்கும் பாதை மோசமானால் புணே பக்கம் ரோடு வழியாக வெளியேறலாம். வந்த வழி அடைத்துக்கொண்டால் வேறு வழி உண்டா என்பதை ஒவ்வொரு இடத்துக்கும் கேட்டுப் பாருங்கள்.

கல்சுபாய் 1646 மீட்டர், மகாராஷ்டிரத்திலேயே உயரமானது. உச்சியில் சின்னக் கோயில் மட்டும்தான், தங்க இடமில்லை, ஏணிகளில் காற்று ஆளைத் தள்ளும். பிரபல்கட் பக்கத்தில் இருக்கும் கலாவந்தீண் பாறையின் செங்குத்துப் படிகளைப் பற்றி மழைக்காலத்தில் நினைக்கவே வேண்டாம்.

வானிலை எச்சரிக்கையை எப்படிப் படிப்பது?

இந்திய வானிலை ஆய்வு மையம் 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ.க்கு மேல் போனால் கனமழை, 115.6க்கு மேல் மிகக் கனமழை, 204.5 மி.மீ.யிலிருந்து அதிகனமழை என்று பிரிக்கிறது. கணக்கெடுக்கும் நாள் காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்க்கும் மழை அளவு சனிக்கிழமை பகலிலும் ராத்திரியிலும் பெய்தது.

நம் ஆட்கள் பலர் மும்பைக்கான எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். மும்பைக்குப் பார்த்துப் பயனில்லை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 944 மி.மீ. கொட்டியபோது அதே நகரத்தின் கொலாபாவில் 73 மி.மீ.தான் பெய்தது. ஒரே ஊருக்குள்ளேயே இவ்வளவு வித்தியாசம் என்றால், கடலிலிருந்து வரும் மேகம் மோதி ஏறுகிற மலைச்சரிவைப் பற்றிச் செம்பூர் ஜன்னல் என்ன சொல்லும்?

போகும் மாவட்டத்தைப் பாருங்கள். கர்ஜத் ராய்கட் மாவட்டம், லோணாவளா புணே மாவட்டம், ராஜ்மாச்சி இரண்டும் உரசும் இடம். இரண்டு எச்சரிக்கையையும் பார்த்து மோசமானதை எடுத்துக்கொள்ளுங்கள். புணே மாவட்டத்துக்கு மலைப்பகுதி எச்சரிக்கை, அதாவது காட் பகுதி, தனியாக வரும். நகரத்துக்கு மஞ்சள் இருக்கும்போது காட் பகுதிக்குச் சிவப்பு இருக்கலாம்.

அப்புறம், அன்றைய மழையை மட்டும் பார்க்காதீர்கள். முந்தைய நாலைந்து நாள் விடாமல் பெய்திருந்தால் மண் நிறைந்து கிடக்கிறது. அதன்மேல் விழும் நடுத்தர மழையே ஓடையைப் பெருக்கப் போதும்.

ஓடை பெருகியிருந்தால் என்ன செய்வது?

இந்தக் கேள்விக்குத்தான் அதிக நேரம் செலவழிக்க விரும்புகிறேன். மழைக்கால சஹ்யாத்ரியில் தனியாகப் போகிறவருக்கு உயரத்தைவிட ஆபத்து ஓடைதான்.

நம் மலைகள் எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறை. மேலே மண் கொஞ்சம்தான். விழுகிற மழை ஊறாமல் ஓட்டுக் கூரையிலிருந்து வழிவது போல அப்படியே இறங்கிவிடும். காலையில் கணுக்காலளவு இருந்த ஓடை மதியம் இடுப்பளவு வருவது சாதாரணம். உங்கள் தலைமேல் மழையே இல்லாமல், மேலே எங்கோ பெய்ததற்குக் கீழே வெள்ளம் வரும். 2024 ஜூன் 30 அன்று லோணாவளா பூஷி அணைக்குப் பின்னால் அருவியில் நின்றிருந்த ஒரு குடும்பத்தில் ஐந்து பேரை வெள்ளம் கொண்டுபோனது நினைவிருக்கும். அவர்கள் இறங்கும்போது அது நிற்கக்கூடிய தண்ணீராகத்தான் இருந்தது.

வெள்ளம் வருவதற்குச் சில அடையாளங்கள் உண்டு. தெளிந்த தண்ணீர் திடீரென்று செம்மண் நிறமாகும். இலையும் சுள்ளியும் மிதந்து வரும். அடியில் கல் உருண்டு மோதும் சத்தம் கேட்கும். இதில் ஒன்றைப் பார்த்தாலும் உடனே கரையேறி மேட்டுக்குப் போய்விடுங்கள்.

வேகமாக ஓடும் தண்ணீர் கணுக்காலுக்கு மேல் வந்தாலே ஆளைச் சாய்க்கும். தனியாக இருப்பவருக்கு நான் சொல்லும் எல்லை இதுதான்: அடி தெரியவில்லை என்றால் தாண்டாதீர்கள். முழங்காலைத் தொடும் என்றால் தாண்டாதீர்கள். தாண்டும் இடத்துக்குக் கீழே அருவியோ பெரிய பாறைகளோ இருந்தால் எவ்வளவு குறைவான தண்ணீர் என்றாலும் தாண்டாதீர்கள். குழுவாக இருந்தால் கைகோத்துத் தாண்டும் ஓடையைக்கூடத் தனியாளாகத் தாண்டக் கூடாது, வழுக்கினால் பிடிக்கக் கை இல்லை.

தாண்டக்கூடிய ஓடை என்றால் அகலமான இடத்தைத் தேடுங்கள், அங்கேதான் ஆழமும் வேகமும் குறையும். பையின் இடுப்பு வாரையும் மார்பு வாரையும் அவிழ்த்துவிடுங்கள், விழுந்தால் பையைக் கழற்றி எறிய முடிய வேண்டும். ஷூவைக் கழற்றாதீர்கள். ஒரு கம்பை ஊன்றி, கம்பும் ஒரு காலும் நிலையாக நின்ற பிறகே அடுத்த காலை எடுங்கள்.

தாண்ட முடியாவிட்டால் காத்திருங்கள். வேகமாக ஏறும் ஓடை மழை விட்டதும் சில மணி நேரத்தில் இறங்கியும் விடும். கரையில் ஒரு கல்லை அடையாளம் வைத்துத் தண்ணீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பாருங்கள். பக்கத்தில் ஊர் இருந்தால் திரும்பிப் போய்க் கேளுங்கள்: "ஓடா பார் கரதா யேயீல் கா?" ஓடையைத் தாண்ட முடியுமா என்று மராத்தியில் கேட்பது இது. அவர்கள் "நாஹி" என்றால் அதோடு முடிந்தது.

அப்படிக் காத்திருந்தால் திங்கட்கிழமை வேலைக்கு எப்படிப் போவது?

போக முடியாது. அதற்காகத்தான் சனி, ஞாயிறு மட்டும் கணக்குப் போட்டு மழையில் ராத்தங்கலுக்குப் போகக் கூடாது என்கிறேன். திங்கட்கிழமை லீவு எடுக்க முடியாத வாரத்தில் காலையில் போய் மாலையில் திரும்பும் இடமாகப் பாருங்கள். மலையில் எடுக்கப்படும் மோசமான முடிவுகளில் பாதி ரயிலைப் பிடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் எடுக்கப்படுபவை. பையில் ஒரு நாள் கூடுதல் சாப்பாடு, மேலதிகாரியிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை. இந்த இரண்டும் இருந்தால் ஓடைக் கரையில் நிம்மதியாக உட்காரலாம்.

ரயில் எப்படியும் ஓடும்தானே?

மலையிலிருந்து பத்திரமாக இறங்கிய பிறகும் மாட்டிக்கொள்ளலாம். பத்லாபூர், வாங்கணி பக்கம் உல்ஹாஸ் ஆறு கரை தாண்டினால் கர்ஜத் தடம் நின்றுவிடும். 2019 ஜூலை 27 அன்று வாங்கணிக்குப் பக்கத்தில் மகாலட்சுமி எக்ஸ்பிரஸ் வெள்ளத்துக்கு நடுவில் நின்றுபோய் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் படகில் மீட்டார்கள். லோணாவளா பக்கம் போர் காட் மலைவழியில் பாறை சரிந்தாலும் ரயில்கள் நிற்கும். கையில் கொஞ்சம் ரொக்கம் வையுங்கள், ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ராத்திரி தங்க வேண்டி வரலாம்.

மூடுபனியில் வழி தெரியாமல் போனால்?

நடப்பதை நிறுத்துங்கள். ஹரிச்சந்திரகட் மேல்தளத்தில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத நாட்கள் மழைக்காலத்தில் நிறைய உண்டு. கீரேஷ்வர் பக்கமிருந்து தோலார் கிண்ட் என்ற கணவாயைத் தாண்டிப் போகும் மேட்டுநிலத்தில் வழி தவறி ராத்திரி முழுக்க நனைந்து கிடந்தவர்கள் பலர். மேய்ச்சல் தடமும் நடைபாதையும் ஒரே மாதிரி இருக்கும். கடைசியாக நிச்சயமாகத் தெரிந்த இடத்துக்குத் திரும்புங்கள். முன்னே போய்ப் பார்க்கலாம் என்று போகாதீர்கள், அந்த மலையின் ஒரு பக்கம் கொங்கண்கடா செங்குத்துப் பாறை.

தண்ணீர் போகும் வழியே இறங்கினால் ஊர் வரும் என்று சிலர் சொல்வார்கள். இங்கே அது ஆளைக் கொல்லும் யோசனை, நம் ஓடைகள் அருவியாக விழுந்துதான் கீழே போகின்றன.

பாதையின் ஜிபிஎஸ் தடத்தைப் போனில் இறக்கி வையுங்கள். ஈர விரலுக்கும் ஈரத் திரைக்கும் போன் ஒத்துழைக்காது, ஜிப் கவரும் துடைக்க ஒரு காய்ந்த துணியும் வேண்டும். விசில் கட்டாயம். நிமிடத்துக்கு ஆறு தடவை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடியும் ஊத வேண்டும். எங்கிருந்தாவது மூன்று தடவை பதில் வந்தால் கேட்டுவிட்டார்கள் என்று அர்த்தம்.

மும்பைப் பக்கத்தில் குளிரால் ஆபத்தா?

ஆமாம், இதைத்தான் யாரும் நம்புவதில்லை. பனி விழ வேண்டியதில்லை. 20 டிகிரி வெப்பம், நனைந்த உடம்பு, மேட்டில் வீசும் காற்று, காலி வயிறு. இவை சேர்ந்தால் உடம்பின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்க முடியும். முதலில் நடுக்கம். பிறகு கை சொன்னபடி கேட்காது, பையின் ஜிப்பைத் திறக்க வராது, கால் தடுக்கும், பேச்சு குழறும், எதிலும் அக்கறை போய்விடும். கூட ஆள் இருந்தால் கவனிப்பார். தனியாக இருந்தால் கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொட்டுப் பாருங்கள், நூறிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். தடுமாறினால் அதற்குமேல் ஏறாதீர்கள். நனைந்திருக்கும்போதே நடுக்கம் நின்றுவிட்டால் குணமாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம், அது முற்றிவிட்டதற்கு அடையாளம்.

காற்று படாத இடம், ஈர உடையைக் கழற்றி உலர்ந்த உடை, தலைக்குத் துணி, பிறகு இனிப்பாகச் சூடாக ஏதாவது. கை கால்களைத் தேய்க்கக் கூடாது. சாராயம் உடம்பு வெப்பத்தை இன்னும் வெளியேற்றும், அது வேண்டவே வேண்டாம்.

என்ன உடுத்துவது, என்ன எடுத்துப்போவது?

ஜீன்ஸும் பருத்தி பனியனும் வேண்டாம், நனைந்தால் காயாது. ஃபேஷன் ஸ்ட்ரீட்டில் கிடைக்கும் பாலியஸ்டர் ஜெர்சி போதும். குடை மேட்டில் நிற்காது. தொளதொள பாஞ்சோவும் காற்றில் ஆளைத் தள்ளும், உடம்போடு ஒட்டிய மழைக்கோட்டுதான் நல்லது. பைக்கு வெளியே போடும் உறையை நம்பாதீர்கள், உள்ளே ஒரு பெரிய கனமான பிளாஸ்டிக் பையை விரித்து அதற்குள் எல்லாவற்றையும் வையுங்கள். ராத்திரிக்கு ஒரு செட் உலர்ந்த உடையைத் தனியாகக் கட்டி வையுங்கள். எவ்வளவு ஆசையாக இருந்தாலும் அதைப் பாதையில் போடக் கூடாது. காலையில் மறுபடி ஈர உடையை மாட்டிக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

ஷூவின் அடிப்பகுதி தேயாமல் இருக்க வேண்டும். ஹெட்லைட் வேண்டும், போன் டார்ச் போதாது. சாப்பாட்டுக்குப் புளிச்சோறு, சப்பாத்தி, கடலை மிட்டாய், பேரீச்சம்பழம்.

இடி மின்னல்?

ஜூலை நடுவில் குறைவு. ஜூன் தொடக்கத்திலும் செப்டம்பர் கடைசி, அக்டோபரிலும்தான் அதிகம். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 விநாடிக்குள் இருந்தால் உச்சியையும் கோட்டை மதிலையும் விட்டு இறங்குங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை திரும்ப ஏற வேண்டாம். ஆழமில்லாத குகையின் வாயில் நிற்பதும் ஆபத்து. தாமினி ஆப் மின்னல் எங்கே விழுகிறது என்று காட்டும்.

வீட்டில் தங்கினால் நிலச்சரிவிலிருந்து தப்பிவிடலாமா?

அப்படிச் சொல்ல முடியாது. 2014 ஜூலை 30 அன்று மாலீண், 2021 ஜூலையில் தளியே, 2023 ஜூலை 19 ராத்திரி இர்ஷால்வாடி நிலச்சரிவில் புதைந்தன. மூன்றுமே மலைச்சரிவு ஊர்கள். அங்கே இறந்தவர்கள் தங்கள் வீடுகளில் இருந்தவர்கள். இர்ஷால்வாடி, இர்ஷால்கட் கோட்டைக்கு ஏறப் போனவர்கள் கடந்துபோன ஊர். நமக்குச் சோறு போட்ட கைகள் அவை.

விடாமல் பெய்த வாரத்தில் நீங்கள் போகாமல் இருப்பது உங்களுக்கு மட்டுமல்ல, அவர்களுக்கும் ஒரு பாரம் குறைவு. அங்கே இருக்கும்போது நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், சரிவிலிருந்து புதிதாகக் கலங்கல் தண்ணீர், ஓடை காரணமில்லாமல் திடீரென்று வற்றுவது, இவற்றைக் கண்டால் ஊர்க்காரர்களிடம் உடனே சொல்லுங்கள். சரிவுக்கு நேர் கீழே இருந்து விலகிப் பக்கவாட்டில் போங்கள்.

யாரிடம் சொல்லிவிட்டுப் போவது? அம்மாவிடம் சொன்னால் விடமாட்டார்.

அம்மாவிடம் சொல்லுங்கள், ஆனால் அவரை மட்டும் நம்பி விடாதீர்கள். திருநெல்வேலியில் இருப்பவருக்குக் கர்ஜத் எங்கே என்று தெரியாது, ராத்திரி பத்து மணிக்கு மராத்தியில் போலீஸிடம் பேசவும் முடியாது. மும்பையிலேயே இருக்கும், இந்தியோ மராத்தியோ பேசத் தெரிந்த ஒருவரிடம் எழுத்தில் கொடுங்கள்: எந்த ரயில், எந்தப் பாதை, தங்கும் வீட்டுக்காரர் நம்பர், உடையின் நிறம், எத்தனை மணிக்குள் நீங்கள் போன் செய்யாவிட்டால் அவர் தேடத் தொடங்க வேண்டும். அந்த மணியை அவர் தள்ளிப்போடக் கூடாது என்று முன்னமே பேசி வையுங்கள். முதலில் வீட்டுக்காரர், அடுத்து அவசர உதவி எண் 112.

மீட்க யார் வருவார்கள்?

112ஐ அழைத்தால் போலீஸ் வழியாகத் தகவல் போகும். லோணாவளாவில் சிவதுர்க் மித்ர, கோபோலியில் யஷ்வந்தி ஹைக்கர்ஸ் போன்ற தன்னார்வக் குழுக்கள் ராத்திரியானாலும் மழையானாலும் வருகிறார்கள். மகாராஷ்டிர மலையேற்ற மீட்பு ஒருங்கிணைப்பு மையமும் இந்தக் குழுக்களை இணைக்கிறது. இவர்கள் நம்மைப் போல வேலைக்குப் போகிறவர்கள், வீடு வாசல் உள்ளவர்கள். உங்கள் ஓடையை அவர்களும் தாண்டித்தான் வர வேண்டும். உதவி வந்து சேரப் பல மணி நேரம் ஆகும் என்றே கணக்கு வையுங்கள். சிக்னல் ஒரு கோடுதான் இருக்கிறது என்றால் அழைப்பைவிடக் குறுஞ்செய்தி சீக்கிரம் போகும்.

தடை உத்தரவு போட்டிருந்தால்?

மழைக்காலத்தில் அருவிகளுக்கும் சில கோட்டைகளுக்கும் மாவட்ட ஆட்சியரோ வனத்துறையோ தடை போடுவது வழக்கம். போகக் கூடாது, அவ்வளவுதான்.

பெண்கள் தனியாகப் போகலாமா?

போகிறார்கள். மேலே சொன்னதெல்லாம் அப்படியே பொருந்தும். குடும்பமாக இருக்கும் வீட்டை, முன்பு அங்கே தங்கிய ஒரு பெண்ணிடம் கேட்டுத் தேர்ந்தெடுங்கள். வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள்.

திரும்பி வந்த பிறகு ஏதாவது கவனிக்க வேண்டுமா?

காலில் கீறலோ வெடிப்போ இருந்து, சேற்றிலும் தேங்கிய தண்ணீரிலும் நடந்திருந்தால் எலிக்காய்ச்சல் வரலாம். வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, அன்றோ மறுநாளோ மருத்துவரிடம் காட்டுங்கள், தடுப்பு மருந்து தேவையா என்று அவர் சொல்வார். நாமாக மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம். அடுத்த சில வாரங்களுக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால் சாதாரணச் சளிக் காய்ச்சல் என்று விட்டுவிடாதீர்கள். மலைக்குப் போய் வெள்ளத்தில் நடந்ததை மருத்துவரிடம் நீங்களே முதலில் சொல்லுங்கள், அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.